முதலெழுத்தும் முன்னோரும்

குடும்பப் பெயர் என்பது யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே பண்டு தொட்டு வழங்கியதொன்றன்று. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகும். மகனுடைய பெயர் அவன் மகனுக்கு முதலெழுத்தாகும். மூன்றாந் தலைமுறையில் முதலாமவருடைய பெயரில் ஓரெழுத்தேனும் மிஞ்சுவதில்லை. ஆயினும், புலம்பெயர்ந்த நாடுகளிலே பிறந்து வளரும் எமது இளஞ்சந்ததியார், தம்மோடு பயிலும் பிறநாட்டுப் பிள்ளைகள் தத்தம் குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பல தலைமுறைக்கு அப்பாற் சென்று முன்னோரைத் தேடிக் காண்பதைப் பார்த்து, ‘எங்கள் குடும்பப் பெயர் எவ்வூரில் எப்பொழுது தொடங்கியது?’ என்று எம்மைக் கேட்கின்றனர். அப்பெயரையே தலைப்பாக இட்டுக் கணினியில் ஒரு தரவுத்தளம் அமைக்கவும் முற்படுகின்றனர். முயற்சி பாராட்டற்குரியது. ஆனால் அவர்கள் பற்றிய நுனி சிக்கலை அவிழ்க்கும் நுனியன்று என்பதை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தம்பையா என்பவருக்குப் புதல்வர் இருவரும் புதல்வி ஒருத்தியும் என வைத்துக்கொள்வோம். மூத்தவர் ரொறன்ரோவிற் குடியேறினார். கடவுச்சீட்டிலே ‘தம்பையா’ அவருக்குக் குடும்பப் பெயராயிற்று. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டில் தம்பையாக்களே. இளையவர் யோகநாதன் ஒஸ்லோவிற் குடியேறினார். ஊர் வழக்கைக் கைவிடாது தம் பிள்ளைகளுக்குத் தமது பெயரையே பின்னிட்டார். அவர்கள் யோகநாதன்கள் ஆயினர். புதல்வியின் பிள்ளைகளோ தம் தந்தை வழிப் பேரனாரின் பெயரைத் தாங்கினர். ஒரு முற்றத்தில் விளையாடியிருக்க வேண்டிய பிள்ளைகள் மூன்று குடும்பப் பெயர்களின் கீழ்ச் சிதறிவிட்டனர். அதே வேளையில், தீவுப்பகுதித் தம்பையா ஒருவரின் வழியினரும் வடமராட்சித் தம்பையா ஒருவரின் வழியினரும், யாதோர் உறவுமின்றியே, கனடாவில் ஒரு பெயரின் கீழ் வரிசையாக நிற்கின்றனர். குடும்பப் பெயரைத் திறவுகோலாகக் கொண்ட தரவுத்தளம் எம்மவர் திறத்தில் உறவினரைப் பிரித்து வைக்கும். உறவில்லாதாரை ஒன்று சேர்க்கும். அமைத்தவரின் உழைப்பு எத்துணைப் பெரிதாயினும் பயன் இதுவே.

முதலெழுத்துத்தானும் எப்பொழுதும் தந்தையைக் குறிப்பதன்று. ஏட்டிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 – 1901) அவர்களின் ‘சி’ சிறுப்பிட்டி என்னும் ஊர்; ‘வை’ தந்தையார் வைரவநாதர். இனி, வட்டுக்கோட்டைச் செமினரியிலே (1823 – 1855) பயின்றோர் பலர்க்கு, அவர்தங் கல்விக்குப் பொருளுதவிய அமெரிக்கத் தருமவான்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அங்குப் பயின்ற சிதம்பரப்பிள்ளை அவர்கள் வில்லியம் நெவின்ஸ் என்னும் பெயரையும் உடையரானார். அவருடைய மகனார் செல்வத்துரை அவர்கள் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராய் வீற்றிருந்த காலத்தும் ‘நெவின்ஸ் செல்வத்துரை’ என்றே நாடறிய விளங்கினார். சைவப் பிள்ளைகளின் கல்லூரித் தலைவர் பெயரின் முன்னே ஓர் அமெரிக்கப் பெயர்! இதனைக் குடும்பப் பெயரென்று மயங்கும் கணினி, அவருடைய பாட்டனாரைத் தேடிக் கடல் கடந்து அமெரிக்காவுக்கே புறப்பட்டுவிடும்.

குடும்பப் பெயரில்லாத மக்கள் உலகில் நாம் மட்டுமல்லேம். ஐசுலாந்து நாட்டாரும் தந்தை பெயரைப் பின்னிட்டு வழங்குவோரே. அந்நாட்டில் அச்சிட்டு வந்த தொலைபேசிப் புத்தகத்திலும் மக்கள் தம் சொந்தப் பெயரின் அகரவரிசையிலேயே நின்றனர். அங்கே 1703 ஆம் ஆண்டிலேயே குடிமக்கள் அனைவரையும் பெயர் சுட்டிக் குடிசன மதிப்பெடுத்தனர். அம்மதிப்பையும் திருச்சபைப் பதிவேடுகளையும் பழைய வமிசாவளி ஏடுகளையும் இணைத்து அமைத்த ‘இஸ்லெண்டிங்கபோக்’ என்னும் தரவுத்தளம் 2003 ஆம் ஆண்டில் அந்நாட்டவருக்குத் திறந்துவிடப்பட்டது. குடும்பப் பெயரில்லாமையால் அவர்களுக்கு யாதோர் இடையூறும் நேர்ந்திலது. ஆளுக்கு ஆள், தாய் இன்னார் தந்தை இன்னார் என்னும் பிணைப்பை எழுதியமையே அவர்களுக்குப் போதுமாயிற்று. எமக்கும் அதுவே வழி என்பது எமது துணிபு.

எம்மவரிடையே இன்னுமொரு தடை உண்டு. பாட்டன் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்று விட்டொரு தலைமுறை மீண்டும் மீண்டும் தலைகாட்டும். பாட்டனாரையே ‘பேரன்’ என்று வழங்குவது யாழ்ப்பாணத்துப் பேச்சு. பெயரைத் தந்தவரும் பெற்றவரும் சொல்லளவில் ஒருவரேயாயினர் போலும். ஒரு குடும்பத்திலே ஆறுமுகத்தார் மகன் கதிரவேலர், கதிரவேலர் மகன் ஆறுமுகம், அவர் மகன் கதிரவேலு என்று தொடர்ந்து வருமாயின், பழைய உறுதியொன்றிற் கையொப்பமிட்ட ஆறுமுகம் எந்த ஆறுமுகம்? ஆகவே ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் இலக்கம் வேண்டும். பெயர் மாறலாம், எழுத்து மாறலாம், இலக்கம் மாறலாகாது. அவ்விலக்கத்தோடு தாயின் இலக்கம், தந்தையின் இலக்கம், பிறந்த ஊரும் குறிச்சியும், வழங்கிய பெயர்கள் யாவும், அச்செய்தி எங்கிருந்து கிடைத்தது என்னும் குறிப்பு ஆகியன சேரவேண்டும். இவற்றுள் எதனை விடினும் இறுதியாகச் சொன்னதை விடலாகாது.

இதற்கென இலவசமாகவே கிடைக்கும் ‘கிராம்ப்ஸ்’ போன்ற மென்பொருள்கள் உள. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை மாற்றிக்கொள்ள, ‘பிற்காலப் புனிதர்’ திருச்சபையார் 1980களில் வகுத்த ‘ஜெட்கொம்’ என்னும் பொதுவடிவம் இன்றும் பயன்படுகின்றது. இவை ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டத்தை முதலிலே நீட்டும். அதிலே தந்தை பெயரை இட்டு, இது தந்தை வழிப்பெயர் என்று குறித்துவிட்டு அப்பாற் செல்க. அக்கட்டத்தை வைத்துத் தேடற்க. கணினி இல்லாதார் கோடிட்ட அப்பியாசக் கொப்பி ஒன்றில் தொடங்கினும் இழுக்கில்லை. இலக்கமும் ஆதாரமும் ஒழுங்காக இருப்பின் அதனைப் பின்னர் எவரும் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

மரம் போல் வரைந்த வமிசாவளிப் படம் எமக்கு முற்றும் பொருந்தாமைக்கும் ஒரு காரணம் உண்டு. மச்சான் மச்சாளை மணப்பதும், அண்ணன் தங்கை இருவரும் மற்றொரு வீட்டு அண்ணன் தங்கையரை மாற்றுச் சம்பந்தமாகக் கொள்வதும் எம் ஊர்களில் மலிந்தவை. ஒருவருக்குப் பாட்டன் பாட்டியர் நால்வர், பூட்டன் பூட்டியர் எண்மர் என்பது கணக்கு. பெற்றோர் இருவரும் மைத்துனப் பிள்ளைகளாயின் எண்மர் அறுவராகச் சுருங்குவர். அப்பொழுது படத்திலே ஒரு கிளை மற்றொரு கிளையோடு வந்து ஒட்டும், வரைபவர் திகைப்பர். இலக்கமிட்ட தரவுத்தளத்திலோ ஒரு மூதாட்டி இரு வழியாலும் பாட்டியாவதற்குத் தடையில்லை. அவர் பெயரை ஒருமுறை எழுதினாற் போதும்.

தாயின் பெயரை வற்புறுத்தினோம். எம்மிடையே அச்சிலேறிய வமிசாவளிகள் பலவும் ஆண்வழியையே பேசும். பெண்கள் ‘இன்னாரின் மனைவி’ என்னும் அளவில் நின்றுவிடுவர். ஆனால் எமது பழைய சட்டம் அப்படி எண்ணவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசவழமையின்படி, தந்தை கொண்டுவந்த முதுசொம் ஆண்மக்களையும், தாய் கொண்டுவந்த சீதனம் பெண்மக்களையும் சாரும். ஆகவே ஒரு வளவு அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்குமாகப் பெண்வழியே இறங்கி வந்திருத்தலைப் பல வீடுகளிற் காணலாம். அவ்வீட்டு ட்றங்குப் பெட்டியின் அடியிற் கிடக்கும் சீதன உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், எந்த வமிசாவளியிலும் எழுதப்படாத பெண்வழி தானே எழுந்து நிற்கும்.

உறுதியை வாசிக்கக் கற்றுக்கொள்ளுதல் நன்று. நொத்தாரிசுமாரின் தமிழ் முதலில் மருட்டும், பழகினால் இனிக்கும். கோவிற்பற்று, காணியின் பெயர், அது வளவோ புலமோ கலட்டியோ அடைப்போ என்பது, பரப்பும் குழியும், நாற்புறத்து எல்லைக்காரர், காணி கொடுப்போருக்கு எவ்வழியால் வந்தது என்பன யாவும் அதிலே வரும். எல்லைக்காரரைக் கூர்ந்து நோக்குக. ஒரு தகப்பன் ஒரு காணியைப் பிரித்துத் தன் பெண்களுக்குக் கொடுத்திருப்பானாயின், கிழக்கெல்லையில் நிற்பவர் தமக்கையாராகவும் வடக்கெல்லையில் நிற்பவர் தங்கையாராகவும் இருத்தல் கூடும். மனிதருக்குக் குடும்பப் பெயரில்லாத ஊரிலே காணிக்குப் பெயருண்டு. அது தலைமுறை கடந்தும் மாறுவதில்லை. எனவே தரவுத்தளத்திலே ஆட்களுக்கு இலக்கமிட்டது போலக் காணிகளுக்கும் தனியிடம் ஒதுக்குக. தேடுபவருக்குக் குடும்பப் பெயர் செய்யும் உதவியை எம்மவரிடையே காணிப்பெயரே செய்கின்றது.

இஃது ஆராய்ச்சிப் பொழுதுபோக்கு மாத்திரமன்று. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம், வழக்காடப் புகுவோர் கூடுமானவிடத்து உரித்து இறங்கிய வமிசாவளியையும் இணைக்குமாறு வேண்டுகின்றது. பிரிக்கப்படாத பங்குகளாய், உரித்தாளர் மூன்று கண்டங்களிற் பரந்திருக்க, பற்றைக்காடாய்க் கிடக்கும் வளவுகளை இன்று எவ்வூரிலும் காண்கின்றோம். பங்காளர் யார் யார் என்பதைச் சொல்லத் தெரிந்த முதியவர் ஒருவர் கண்மூடினால், அவ்வளவின் வழக்குப் பத்தாண்டு நீளும்.

உறுதிக்கு அடுத்தபடியாக எம்மிடம் உள்ள பெருநிதி ‘கல்வெட்டு’. கல்லில் வெட்டியதைக் கூறவில்லை. இறந்தோரின் அந்தியேட்டிக் கிரியையின் போது அச்சிட்டு வழங்கும் நினைவு மலரைக் கூறுகின்றோம். தேவார திருவாசகங்களுக்கும் இரங்கற் பாக்களுக்கும் பின்னே இரண்டொரு பக்கத்தில் வமிசாவளி அமைந்திருக்கும். தொகுத்தவர் பெரும்பாலும் வீட்டுக்கு மூத்த ஒருவராதலின் அது நம்பத்தகும். முதற்பக்கத்துத் திதி வெண்பாவையும் விட்டுவிடலாகாது. ஆண்டின் பெயர், மாதம், பக்கம், திதி என்பன அதிலே வரும். ஆனால் ஆண்டின் பெயர் அறுபதாண்டுக்கொருமுறை திரும்பும். விகாரி என்றால் 1899 இல் தொடங்கியதுமாகலாம், 1959 இல் தொடங்கியதுமாகலாம். மக்களின் பிறந்த ஆண்டை நோக்கித் தெளிக. மேலும், சித்திரையிலே தமிழாண்டு பிறப்பதால் விகாரித் தைமாதம் 1960 இல் விழும். 1959 என்றெழுதிவிட்டால் ஓராண்டு பிழைக்கும்.

பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களும் அவ்வாறே. ‘பிறப்பிடமாகவும்’, ‘வசிப்பிடமாகவும்’ என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் சகோதரியும் என நீளும் அவ்வறிவித்தலை நகைப்போரும் உளர். நாம் நகைக்கமாட்டோம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரே வாக்கியத்தில் அடக்கும் ஆற்றல் வேறெதற்கு உண்டு? 1930 இல் தோன்றிய வீரகேசரி, 1959 இல் தோன்றிய ஈழநாடு, 1985 இல் தோன்றிய உதயன் ஆகியவற்றின் பழைய இதழ்களிலே எமது வமிசாவளி துண்டு துண்டாகக் கிடக்கின்றது.

எழுத்திலேறாத ஏடொன்றும் உண்டு. அது துடக்கு. ஒரு சாவு நேர்ந்தவுடன், யாருக்குத் துடக்கு, எத்தனை நாள், யாருக்கு இல்லை என்பதை வீட்டு மூதாட்டி கண நேரத்திற் சொல்லிவிடுவார். பங்காளி முறை எவ்வளவு தூரம் ஓடுகின்றது என்பது அவருக்கு நாவிலே நிற்பது. துடக்கை நம்புவோரும் நம்பாதோரும் அம்மூதாட்டியின் அருகே ஒரு பிற்பகல் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்க. ஆண்டுகளை அவரிடம் இலக்கமாகக் கேட்பது வீண். ‘யப்பான்காரன் குண்டு போட்டபொழுது’ என்பார், அது 1942. ‘பெரும்புயலுக்கு முன்னே’ என்பார். அது 1964 மார்கழிக்கு முன். தமிழாராய்ச்சி மாநாட்டுக்குப் பின் பிறந்த பிள்ளை என்றால் 1974 தைக்குப் பின். அவர் சொன்னவாறே எழுதி, இலக்கத்தை அருகில் நீங்கள் இடுக.

இனிக் கசப்பானதொன்றைச் சொல்லல் வேண்டும். வமிசாவளி என்ற சொல்லைக் கேட்டவுடனே எமது சமூகத்திற் சிலர் மார்பை நிமிர்த்துவதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் சாதி காரணமாகவே. முன்னவர் வையாபாடலையும் கைலாயமாலையையும் யாழ்ப்பாண வைபவமாலையையும் புரட்டி, அங்கே கூறப்படும் குடியேற்றத் தலைவர் ஒருவரைத் தமது பூட்டனுக்குப் பூட்டனாக்கிக்கொள்வர். இடையிலே பல தலைமுறைக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இராது. அத்தகைய கோபுரங்களைக் கட்டுதற்குத் தரவுத்தளம் வேண்டியதில்லை, கற்பனையே போதும். பின்னவரோ பழைய பதிவுகளில் தம் முன்னோர் பெயர் எழுதப்பட்டிருக்கும் முறையைக் கண்டு மனம் வெதும்புவர். ஒருவர் ‘கந்தப்பிள்ளை’ என்றும், அவரோடொத்த வயதினர் ஒருவர் வெறும் ‘கந்தன்’ என்றும் பதியப்பட்டது தற்செயலன்று. பிறப்பு நோக்கி ஒருவருக்கு மதிப்பு விகுதியைக் கொடுத்தும் மற்றவருக்கு மறுத்தும் எழுதிய கைகளின் செயல் அது. அதனைத் திருத்தி மறைத்தலும் கூடாது. அப்படியே விட்டு நகர்தலும் கூடாது. பதிவிற் கண்டவாறு ஒரு கட்டத்திலும், அவர் வீட்டார் அவரை மதித்து வழங்கிய பெயரை முதற்கட்டத்திலும் எழுதுக. இப்பணி மேட்டுக்குடியாருக்கு மாத்திரம் உரியதென்று எவரேனும் கருதுவாராயின் அக்கருத்துக்கு நாம் உடம்படோம். உறுதியும் சீதனமும் இல்லாத குடும்பங்களின் வரலாறு முழுவதும் முதியோர் நாவிலேயே இருத்தலின், அவர்களே முதலில் விரைதற்குரியர்.

ஆங்கில எழுத்துக்களின் கூத்து வேறு. சண்முகம் என்னும் ஒரு பெயரையே ‘எச்’ இட்டும் இடாதும், ‘ஏ’ இட்டும் ‘யூ’ இட்டும் ஒரே குடும்பத்து நால்வர் நால்விதமாக எழுதுவர். எனவே தேடும் பெயர் தமிழெழுத்திலேயே இருத்தல் வேண்டும்; ஆங்கில வடிவங்கள் துணைக் கட்டத்திற் கிடக்கட்டும். பிறப்புப் பத்திரத்துப் பெயர், வீட்டிலே கூப்பிடும் பெயர், சாதக ஓலையின் பெயர் ஆகிய மூன்றும் மூவரைக் குறிக்கின்றனவென மயங்குவதும் இதனாலே தவிரும்.

ஒன்றை ஓரிடத்தில் மாத்திரம் வைத்திருப்பதன் கேட்டை எம்மைவிட அறிந்தோர் யார்? 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எத்தனையோ உறுதிப் பெட்டிகள் வீட்டிலேயே நின்றன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கோ பெட்டியைத் திறக்கவும் நேரம் கொடுக்கப்படவில்லை. ஆதலின் எழுதியதைக் குறைந்தது மூன்று இடங்களில் வைக்குக: ஒன்று வீட்டில், ஒன்று வேறு நாட்டிலுள்ள உறவினரிடம், ஒன்று அச்சிட்ட தாளாக. நினைவு மலர்களை 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனத்தார் எண்ணிம வடிவிற் பேணி வருகின்றனர். வீட்டிலுள்ள படியை அவர்களுக்குக் கொடுத்துதவுதல் தகும்.

உயிரோடிருப்போரின் பிறந்த நாள், அடையாள அட்டை இலக்கம் முதலியவற்றை அவரவர் சம்மதமின்றி வீட்டுக்கு வெளியே விடலாகாது. சுவீகாரம், மறுமணம் போன்றவற்றை உள்ளவாறு எழுதுக. ஆனால் அவை யார் கண்ணிற் படலாம் என்பதைச் சம்பந்தப்பட்டவரே தீர்மானிக்கட்டும்.

இறுதியாக எமது கல்லூரியின் பால் வருவோம். அலுவலகத்து அலுமாரியிலே பழைய சேர்விடாப்புகள் உள்ளன. பிள்ளையின் பெயர், தந்தை அல்லது பாதுகாவலர் பெயர், ஊர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு ஆகிய இவை யாவும் ஒரே வரியில் அமைந்த இடாப்பு, குடும்பப் பெயரில்லாத மக்களுக்கு எத்துணை அரிய ஆவணம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தாள் பொடிந்து வருகின்றது. மையும் மங்கி வருகின்றது. அதிபர் அவர்களின் இசைவு பெற்று, நூறாண்டு கடந்த இடாப்புகளை மாத்திரம் பக்கம் பக்கமாய்ப் படம்பிடித்து, பெயரும் ஊரும் கொண்ட அகரவரிசை ஒன்றைத் தமிழிலே ஆக்குவதைப் பழைய மாணவர் சங்கம் இவ்வாண்டிலேயே மேற்கொள்ளலாம் என்பது எமது கருத்து. இதற்கு வேண்டுவன ஓர் ஒளிப்படக் கருவி, யன்னலோரமாய் ஒரு மேசை, பழைய கையெழுத்தை வாசிக்க வல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர், சனிக்கிழமைகளில் வரக்கூடிய உயர்தர வகுப்பு மாணவர் நால்வர். ஆசிரியர்களை முதலிற் கேட்டுவிடுதல் நன்று; மாணவர் அடுத்த ஆண்டும் கிடைப்பர்.